சக்கரத்துக்கு விலங்கு

மும்பை மாநகரிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்ற நம்மவர்க்கு வீடு கிடைப்பது ஒரு பாடு. கிடைத்த வீட்டின் கீழே வண்டியை நிறுத்த ஓர் இடம் கிடைப்பது மற்றொரு பாடு. இவ்விரண்டையும் கடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த மூன்றாவது பாட்டைப் பற்றி இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

கிழக்குப் புறநகர் ஒன்றில், பதினொரு மாத 'லீவ் அண்டு லைசென்ஸ்' ஒப்பந்தத்தின் பேரில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரும் கட்டடத்தின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியே விட்டுவிட்டோம். அவருடைய தகப்பனாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கீழே வந்தால், காரின் முன்சக்கரத்தை மஞ்சள் நிற இரும்புப் பூட்டு ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. 'ஜாமர்' என்று எல்லோரும் சொல்லும் அதேதான். கண்ணாடியில் ஒரு சீட்டு: விதி மீறல், அபராதம் 1,500 ரூபாய். காவலாளியைக் கேட்டால் கமிட்டி உத்தரவு என்கிறார். சாவி காரியதரிசியிடம் இருக்கிறது. காரியதரிசி எட்டு மணிக்கு முன் கதவைத் திறப்பதில்லை. தெருமுனை வரை பெரியவரை நடத்திச் சென்று ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, நான்கு மணி நேரச் சிகிச்சையில் முக்கால் மணி நேரம் கழிந்துவிட்டது. அடுத்த நோயாளி காத்திருந்தமையால் குறைந்த நேரம் குறைந்ததுதான்.

அன்று மாலை 1,500 ரூபாய் கொடுத்த பிறகே பூட்டுக் கழன்றது. ரசீது கேட்டதற்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில்.

அவர் செய்த குற்றந்தான் என்ன? வண்டி நின்ற இடம், வீட்டுச் சொந்தக்காரருக்கு சொசைட்டி ஒதுக்கிக் கொடுத்த இடம். ஒப்பந்தத்திலும் அது குறிக்கப்பட்டிருக்கிறது. அம்மாத முதல் தேதியிலிருந்து வாடகைக்கு இருப்போர் உள்ளே வண்டி நிறுத்தலாகாது என்று கமிட்டி தீர்மானித்து, அதை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்ததாம். அந்தக் குழுவில் வாடகைக்காரர் ஒருவரும் இல்லை!

இந்தப் பூட்டின் பூர்வோத்தரம் சற்று வேடிக்கையானது. இதை உருவாக்கிய ஃபிராங்க் மரக் என்பவர் அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஸிம்பனி வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். அபராதம் கட்டாமல் திரியும் வண்டிகளை இழுத்துச் சென்று கட்டிக் காப்பதைவிட நின்ற இடத்திலேயே நிறுத்திவைப்பது சுலபம் என்று, அந்நகரப் போலீஸார் 1955 ஜனவரியில் இதைக் கையாளத் தொடங்கினர். கவனிக்க வேண்டியது, அதைக் கையாண்டவர்கள் போலீஸார் என்பதே. சட்டத்தின் கையில் இருந்த கருவி எப்போது காரியதரிசியின் மேஜை இழுப்பறைக்கு வந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு சக்கரப் பூட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியையும், நிறுத்தக் கூடாது என்று சட்டம் விலக்கிய இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துச் செல்லவோ பூட்டி வைக்கவோ, அவ்வெல்லைக்கு அதிகாரம் பெற்ற, சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். பொது இடம் என்பது பொதுமக்கள் உரிமையுடன் பிரவேசிக்கும் இடம் என்று அதே சட்டம் பொருள் கூறுகிறது. வாசலில் கதவும் காவலும் வைத்த சொசைட்டி முற்றம் அத்தகைய இடம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. காவலாளியின் காக்கிச் சட்டையும் அப்பிரிவு கூறும் சீருடை ஆகாது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1960-லும், அதையொட்டிய மாதிரித் துணைவிதிகளிலும், வண்டி நிறுத்தும் இடத்தை ஒதுக்கவும், அதற்குக் கட்டணம் விதிக்கவும் சொசைட்டிக்கு வழி இருக்கிறது. பூட்டுப் போட வழி சொல்லப்படவில்லை.

சொசைட்டிகளின் கஷ்டத்தையும் நாம் அறியாதவர்களல்லர். கார் என்பது டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் மட்டுமே இருந்த காலத்தில் எழுந்த கட்டடங்களில், இன்று வீட்டுக்கு ஒன்றும் சில வீட்டுக்கு இரண்டுமாக வண்டிகள். ஆம்புலன்ஸ் நுழையவும் தீயணைப்பு வண்டி திரும்பவும் இடம் விடாமல் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடும் புண்ணியவான்கள் நம்மவரிலும் உண்டு. அவர்களோடு மல்லுக்கு நிற்கும் காரியதரிசி சம்பளம் இல்லாமல் உழைப்பவர். அவர் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் வழியை மறித்து நிற்கும் வண்டியை, அது அசையாதபடி பூட்டி வைப்பதில் என்ன யுக்தி இருக்கிறதோ, தெரியவில்லை. தடை நீங்க வேண்டும் என்பவன் தடையை இன்னும் பத்து மணி நேரம் நிலைநிறுத்துவானா? பெரும்பாலும் பூட்டின் நோக்கம் இடத்தைக் காலி செய்வதாக இல்லாமல் பணம் வாங்குவதாகவே ஆகிவிடுகிறது.

இங்கிலாந்தில் இதே பூசல் பல்லாண்டுகள் நடந்தது. தனியார் நிலத்தில் பூட்டுப் போட்டுப் பணம் கறப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் அங்கே தோன்றியிருந்தன. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் உடல் நலம் குன்றி, சில நிமிஷம் காரை ஓரங்கட்டிய பெண்மணி ஒருவரின் வண்டி பூட்டப்பட்டது. எச்சரிக்கைப் பலகையை வேறொரு வண்டி மறைத்திருந்தமையால் அவர் அதைப் பார்க்கவில்லை; பாராத எச்சரிக்கைக்கு அவர் இசைந்தார் என்று கூற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஸ்காட்லாந்து நீதிமன்றமோ அதற்கு முன்பே, 1992-இல், இவ்வாறு வண்டியைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தலாகும் என்று கடுமையாகவே கூறிவிட்டது. முடிவில் 2012 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, சட்ட அதிகாரம் இன்றித் தனியார் நிலத்தில் பூட்டுப் போடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் அறிவிப்பைப் பாராதவனிடம் அபராதம் கேட்கலாமா என்ற கேள்வி லண்டனுக்கு ஒன்றும் மும்பைக்கு வேறொன்றும் ஆகிவிடாது.

இனி நம் அன்பரின் விஷயம். பூட்டை உடைத்துவிடுகிறேன் என்று அவருடைய மைத்துனர் சுத்தியலோடு புறப்பட்டாராம். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டார்கள். பூட்டு சொசைட்டியின் சொத்து. அதை உடைத்தால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பிராது நம் மேல் வந்துவிடும். ஆளைத் தடுத்து நிறுத்திய குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார். அப்பிரிவு மனிதன் செல்லும் வழியை மறிப்பதைப் பற்றியது. வண்டி மட்டும் நின்று மனிதன் நடந்து போகக்கூடுமானால் அது பொருந்துமா என்று வாதத்துக்கு இடம் உண்டு. ஆகையால் அதை மட்டும் நம்பி இறங்குவதை நாம் சிபாரிசு செய்யவில்லை. நோயாளி காத்திருக்க வண்டி விடப்படவில்லை என்றால் மட்டும் தயங்க வேண்டாம். அந்நிமிஷமே 112-க்குப் பேசுக. போலீஸார் வந்து நின்றாலே எட்டு மணிக்கு எழுகிற காரியதரிசி ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்.

சட்டத்தைவிட இங்கே வேலை செய்வது காகிதந்தான். பூட்டோடு நிற்கும் வண்டியையும், கண்ணாடிச் சீட்டையும், அறிவிப்புப் பலகை இருக்கிற அல்லது இல்லாத சுவரையும் செல்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். பணம் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடாமல் சொசைட்டியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, 'ஆட்சேபத்தோடு செலுத்தியது' என்று அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கையில் கொடுத்த பணம் எந்தக் கணக்கில் ஏறும் என்று எவர் சொல்ல முடியும்? கணக்கில் ஏறிய பணத்துக்கு ஆண்டுத் தணிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு கேட்க வேண்டியவை சிலவே. இந்த அபராதத்தை எந்தத் துணைவிதி அனுமதிக்கிறது? எந்தத் தேதியில் நடந்த எந்தப் பொதுக்குழுவில் தீர்மானமாயிற்று? மாதிரித் துணைவிதிகளின்படி, விதியை மீறிய உறுப்பினருக்கு முதலில் அறிவிப்புக் கொடுத்து, அவர் சமாதானத்தைக் கேட்டு, பொதுக்குழுவே அபராதம் விதிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் காவலாளி கையால் விதிக்கப்படுவது அபராதமன்று.

இங்கே வாடகைக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் சொசைட்டியின் உறுப்பினரல்லர். கணக்குகளையும் நடவடிக்கைக் குறிப்புகளையும் பார்க்கும் உரிமையைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு உறுப்பினருக்கே தருகிறது. ஆகவே கடிதம் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்தோடு போக வேண்டும். சொந்தக்காரரோ, இவருக்காக சொசைட்டியோடு ஏன் பகை என்று யோசிப்பார். இவரோ, அதிகம் வற்புறுத்தினால் பதினொரு மாதம் முடிந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்வாரோ என்று அஞ்சுவார். நமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த அச்சத்தின் ஈரம் படிந்திருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவரின் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரு வீட்டைச் சுற்றி அமைத்துக்கொண்டவர்களுக்கு 1,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதே லாபம் என்று தோன்றுவது இயல்பு. அதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் சொந்தக்காரருக்கும் இதில் நஷ்டம் உண்டு என்பதை எடுத்துக் காட்டலாம். நம் அன்பர் அதைத்தான் செய்தார். பூட்டப்பட்டது வாடகைக்காரரின் கார் என்றாலும், பறிபோனது சொந்தக்காரரின் இடம். தூண்களின் மேல் கட்டடத்தை எழுப்பித் தரைமட்டத்தில் விட்ட இடமும் திறந்தவெளியும் கட்டடத்தின் பொது இடங்களே, கட்டியவர் அவற்றைத் தனியே விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. பொது இடமாயின் அதைப் பகிர்ந்தளிப்பது சொசைட்டியின் பொறுப்பு. பொறுப்பு என்பதாலேயே, முறைப்படி ஒதுக்கியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியால் பறித்துக்கொள்ளவும் முடியாது. வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் வாங்கும் கட்டணத்துக்கே, சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2001-இல் வரம்பு கட்டியிருக்கிறது. வாடகைக்காரர் என்பதற்காக மனம் போனபடி வசூலிக்கலாம் என்பது சட்டத்தின் போக்கன்று.

சொந்தக்காரர் இரண்டு வாரம் யோசித்துக் கையெழுத்திட்டார். கடிதம் ஒன்றரைப் பக்கம். கோபமான சொல் ஒன்றும் இல்லை. பெரியவரின் சிகிச்சை அட்டையின் நகலும் இணைக்கப்பட்டது. ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்து மறுபிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று ஸ்பீட் போஸ்டில் போயிற்று. திருப்தியான பதில் வராவிடில் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் முறையிடுவோம் என்பதே கடைசி வரி. எந்தக் குறையை எந்த அதிகாரியிடம் கொண்டு செல்வது என்று மாதிரித் துணைவிதிகளிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் பிரதியை வாங்கிப் படிக்கும் உறுப்பினர்களைத்தான் காணோம்.

மூன்றாம் வாரத்தில் பதில் வந்தது. பொதுக்குழுத் தீர்மானம் ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, 1,500 ரூபாயைச் சொந்தக்காரரின் அடுத்த பராமரிப்புக் கணக்கில் கழித்துவிட்டார்கள். அவர் அதை வாடகையில் கழித்துக்கொண்டார். வருத்தம் தெரிவிக்கும் சொல் அதில் இல்லை. பூட்டும் காவலாளியின் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

நவராத்திரி நெருங்குகிறது. கொலுவுக்கு வரும் விருந்தினரின் வண்டிகள் சென்ற ஆண்டு செம்பூரில் இரண்டு இடங்களில் பூட்டப்பட்டன என்று கேள்வி. விருந்தினரை அழைப்போர் வாசல் பதிவேட்டில் வண்டி எண்ணையும் வீட்டு எண்ணையும் எழுதச் செய்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டால் நல்லது. உள்ளே விட்ட பிறகு, வந்தது தவறு என்று சொல்வது கடினம். இடம் இல்லையென்றால் வாசலிலேயே சொல்லிவிட வேண்டியது சொசைட்டியின் கடமை.

நம் அன்பரின் சொசைட்டியில் ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் கூடியாக வேண்டும். சக்கரப் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை விவாதத்தில் சேர்க்கும்படி ஐந்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் மராட்டியர், ஒருவர் குஜராத்தி. முடிவு தெரிந்ததும் இப்பகுதியில் வெளியிடுவோம்.