ஜஹீராபாத் தொழில் நகரம்: எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு

தெலங்கானாவின் ஜஹீராபாத் தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் அளித்ததிலிருந்து எங்கள் செயற்குழுவில் நடந்த வாதங்களை உறுப்பினர்கள் அறிவார்கள். திட்டத்தையே முற்றாக எதிர்க்க வேண்டும் என்ற முதல் வரைவு ஏற்கப்படவில்லை. அந்த வட்டாரத்துக்குத் தொழிலும் வேலையும் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நியால்கல், ஜராசங்கம் மண்டலங்களில் நில எடுப்பு இப்போதைய வடிவில் தொடரக் கூடாது. இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

அந்த நிலத்தை விளையாத பூமி என்று பேசுவதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. 1983இல் என்.டி.ராமராவ் அரசின் இரண்டு ரூபாய் அரிசி வந்தது. பசி தணிந்தது உண்மை. கூடவே சோளத்தைக் கேட்பாரில்லாமல் போய் மானாவாரி நிலங்கள் தரிசாயின. அதே ஆண்டு பிறந்த, இந்த வட்டாரத்தில் இயங்கும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சங்கங்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1990களில் அந்தத் தரிசை உழ வைத்தன. முன்பணம் கொடுத்து, கடனைச் சோளமாகத் திரும்ப வாங்கி, ஊரிலேயே சேமித்தன. யார் ஏழை என்று அலுவலகம் பட்டியல் போடவில்லை. தரையில் ஊர்ப்படம் வரைந்து, வீடு வீடாக எடைபோட்டு ஊராரே முடிவு செய்தார்கள். மிக வறிய வீட்டுக்கு அதிகத் தானியம், மலிவு விலையில். விதைத்தவர், கூலி பெற்றவர், காத்தவர், உண்டவர் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். வட்டார வளர்ச்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நிலம் போனால் இதுவும் போகும். எந்த இழப்பீட்டுத் தொகையாலும் இதைத் திரும்ப வாங்க முடியாது.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பல போகம் விளையும் பாசன நிலத்துக்குத் தனிக் காப்பு தருகிறது. மழையை நம்பி ஒரே ஏக்கரில் சோளம், துவரை, தினை என்று கலந்து விதைக்கும் பெண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி, ஹைதராபாத் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சிறப்பு மையமாக்குவோம் என்று பட்ஜெட்டில் அறிவித்தது மத்திய அரசு. அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் சிறுதானியம் விளையும் மண்ணில் தொழிற்பேட்டைக்கு ஒப்புதல் தருவதும் அதே அரசு. இது அநியாயம்.



எங்கள் கோரிக்கைகள் இவை. நிலமற்ற கூலிகளும் அமரும் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் இனி ஓர் ஏக்கரும் எடுக்கக் கூடாது. அரசு ஒப்படை நிலத்துக்கும் பட்டா நிலத்துக்கு இணையான இழப்பீடு வேண்டும். பெண்கள் சங்கங்களின் விதைச் சேமிப்பும் தானிய நிதியும் சமூகத் தாக்க மதிப்பீட்டில் சொத்தாகக் கணக்கிடப்பட வேண்டும். இவற்றுக்குப் பதில் வரும்வரை, அரசு நடத்தும் சிறுதானிய விழாக்களை இயன்றவரை தவிர்க்குமாறு உறுப்பு அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம்.