நிலம் வகுத்த வாழ்வும் மனிதர் வகுத்த நிலமும்

கிரேக்க வரலாற்றைப் படிக்கும் மாணவர் முதலில் அறிவது, அந்நாடு பண்டு ஒரே நாடாக இருந்ததில்லை என்பதையே. மலைகள் சமவெளிகளைத் துண்டாடியமையால் ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் தனித்தனி நகர அரசுகளாயின. மண்வளம் குன்றிய ஏதென்சு கருங்கடற் கரையிலிருந்து தானியம் தருவித்தது. இவ்வுண்மையைக் காண நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்ற தொல்காப்பியம் நம் கையில் உள்ளது. நீலமலையோ மேட்டுப்பாளையத்தின் தலைமேல் நிற்கிறது.

குறிஞ்சி என்றதும் தேனும் தினையும் என மனப்பாடமாக ஒப்பிப்பவர் நாம். நீலமலையோ நம் பாடத்தைச் சற்றே கலைத்துப் போடுகிறது. பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லும் விரிந்த அதன் உச்சியில் தோதவர் எருமை மேய்த்தனர். அஃதாவது, குறிஞ்சி பூக்கும் மலைமீதே முல்லை வாழ்வு! தேனெடுக்கும் குறும்பர் கீழ்ச்சரிவுக் காடுகளில் வாழ்ந்தனர். கோத்தர் ஏழு ஊர்களில் தங்கி இரும்படித்தனர், மட்கலம் வனைந்தனர், இழவுக்கும் விழவுக்கும் இசைத்தனர். படகர் சரிவுகளைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விளைத்தனர். நெய்யும் தானியமும் அரிவாளும் தேனும் தம்முள் கைமாறின. இதனைச் சமத்துவம் எனப் புகழ நாம் துணியோம். குறும்பரைச் சூனியக்காரர் என அஞ்சிக் கொன்ற கொடுமைகளும் அம்மலையில் நிகழ்ந்தன. ஆயினும் ஒருவரின்றி மற்றவர் வாழ இயலாதவாறு நிலம் அவர்களைப் பிணைத்திருந்தது.

1819இல் ஜான் சல்லிவன் மலையேறினார். அவர் எழுப்பிய கல்வீடு இன்று உதகை அரசு கலைக் கல்லூரியின் பகுதி. ஊட்டக்கமந்து என்ற பழம்பெயரில் தோதவரின் மந்து ஒலித்தது. நிலம் கைமாறிற்று, பெயர் தங்கிற்று. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் இரயில் வந்தது. தேயிலையும் தைலமரமும் சீகையும் புல்வெளிகளை விழுங்கின.

தேயிலைத் தோட்டத்தின் அமைப்பையே பாருங்கள்: மேட்டில் துரையின் பங்களா, தாழ்வில் தொழிலாளரின் லைன் வீடுகள். இவ்வமைப்பை மலை வகுக்கவில்லை, மனிதர் வகுத்தனர். எல்லாவற்றையும் நிலத்தின் தலையில் ஏற்றுவோர் இங்கேதான் பிழைபடுகின்றனர் என்பது நம் கருத்து. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தோர் பலருக்கு, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் வேலை தந்தது. தோட்டக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. கடல் கடந்து வந்து, காடு திருத்திக் கொழுந்து கிள்ளிய ஒரு மூதாட்டி, ஓய்வு பெற்றால் எங்கே போவார்? இங்கே நிலம் அவருக்கு வாழ்வை வகுக்கவில்லை, பட்டாத்தாள் வகுக்கிறது.

நம் மாணவர் உதகைச் சுற்றுலாவில் தாவரவியல் பூங்காவையும் படகுத்துறையையும் கண்டு திரும்புகின்றனர். அடுத்த முறை ஒரு பகற்பொழுதையேனும் ஒரு லைன் குடியிருப்பில் கழிக்க ஏற்பாடு செய்யுமாறு துறையினரை வேண்டுகிறோம்.