எந்த இரும்பையின் எண்?

விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873. நம் இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எண் இன்னும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. எண்ணில் பிழை கிடையாது. 2011 கணக்கெடுப்பின் இறுதி எண் அதுவேதான். ஆனால் அந்த விழுப்புரம் இப்போது இல்லை. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எட்டு வட்டங்களோடு மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது மேற்குப் பாதியை இழந்து நிற்கிறது. கட்டுரையாளரோ இன்றைய மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களை எண்ணி, அன்றைய மாவட்டத்தின் மக்களை அவற்றால் வகுத்து, ஒரு நிலையத்துக்கு இத்தனை பேர் என்று தசமப் புள்ளி வரை எழுதிவிடுகிறார். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் வேறு வேறு நிலப்பரப்பைச் சேர்ந்தவை என்பது அட்டவணையைப் பார்த்தால் தெரியாது.

கள்ளக்குறிச்சிக்குப் போன வட்டங்களைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் இரண்டையும் கழிப்பது எளிது. திருக்கோவிலூரில் மாட்டிக்கொள்வோம். 2011இல் ஒரே வட்டமாக எண்ணப்பட்ட அந்த நிலப்பரப்பில் கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இன்று விழுப்புரத்தில் இருக்கிறது; திருக்கோவிலூர் நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் கள்ளக்குறிச்சியில். வட்ட அளவிலான அட்டவணை இங்கே உதவாது. கிராம அளவிலான முதன்மைச் சுருக்க அட்டவணையைத் திறந்து, ஒவ்வொரு வரியாக இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துக் கூட்டத்தான் வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்விலும் இதே சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் களப்பணி 2020, 2021இல் நடந்தது. கள்ளக்குறிச்சி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆனால் அந்த ஆய்வு 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டங்களை வைத்துத் திட்டமிடப்பட்டது. ஆகவே அதன் விழுப்புரம் அறிக்கை பழைய, பெரிய விழுப்புரத்தைப் பற்றியது. புதிய எண்ணாயிற்றே, புதிய எல்லையாகத்தான் இருக்கும் என்று நம்பி எடுத்தவர்கள் நிறையப் பேர்.

மாவட்டத்தை விட்டு ஓர் ஊருக்கு இறங்கினால் சிக்கல் குறையும் என்று தோன்றும். நடைமுறையில் கூடத்தான் செய்கிறது. வானூர் வட்டத்து இரும்பையை எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் ஊர். இரும்பையின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டால், எந்த இரும்பை என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கணக்கெடுப்புத் துறைக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். புல எண்களும் எல்லைக் கற்களும் உள்ள நிலத்துண்டு. ஊரக வளர்ச்சித் துறைக்கு அது ஊராட்சி. குடிநீர்த் திட்டத்துக்கும் சாலைத் திட்டத்துக்கும் குக்கிராமம்தான் அலகு. ஊர், காலனி, குப்பம் என்று தனித்தனியாக எண்ணுவார்கள். ஊர்க்காரருக்கோ கோயிலும் ஏரியும் அவர் சொந்தக்காரர் வீடு இருக்கும் தெருவும் சேர்ந்ததுதான் இரும்பை. 2011இல் தமிழ்நாட்டில் கணக்கெடுப்புக் கிராமங்கள் 15,979. ஊராட்சிகளோ சுமார் 12,500. இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் வாங்கிய வீடுகளின் எண்ணிக்கையையும் கணக்கெடுப்பு நூலில் எடுத்த மக்கள்தொகையையும் ஒரே வரியில் எழுதி, ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கிடும்போது, இரண்டு இரும்பைகளை நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பெயரை வைத்துத் தேடுவதும் ஆபத்து. கணக்கெடுப்பு நூல்கள் ஆங்கிலத்தில் விழுப்புரத்தை எழுதும் விதம் வேறு, மற்றத் துறைகள் எழுதும் விதம் வேறு. ‘ழ’வும் ‘ற’வும் வரும் ஊர்ப்பெயர்கள் ஒவ்வோர் அட்டவணையிலும் ஒவ்வொரு வேடத்தில் வரும். ஆகவே குறியீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2011இல் தமிழ்நாடு 33, விழுப்புரம் 607, அதன் கீழ் வட்டம், அதன் கீழ் ஆறிலக்கக் கிராம எண். 2001இன் கிராம எண்கள் வேறு அமைப்பில் உள்ளவை. அவற்றை 2011உடன் இணைக்க ஒப்புமைப் பட்டியல் தேவை. இப்போது உள்ளாட்சிக் கோப்பகத்தின் எண்கள் மூன்றாவதாக வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரே வரியில் வைத்த பட்டியல் கையில் இல்லாமல் காலத் தொடர் ஆய்வு செய்யப் புறப்படுவது வீண்.

இரும்பையில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியது. 1988இல் அதற்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. இருந்தும் கணக்கெடுப்பு நூலில் அது தனி நகரமாக இல்லை. அதன் நிலம் இரும்பையிலும் பக்கத்துக் கிராமங்களிலும் திட்டுத் திட்டாக விரவிக் கிடக்கிறது. ஒரு சிறு பகுதி மாநில எல்லையையும் தாண்டியிருக்கிறது. ஆரோவில் தானே எடுத்து வெளியிடும் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அரசுக் கணக்கில் அவர்கள் பல கிராமங்களின் வரிகளுக்குள் கலந்திருக்கிறார்கள். வெளிநாட்டவர் என்பதால் விடுபட்டிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். தூதரகத்தாரைத் தவிர மற்ற எல்லாரையும் கணக்கெடுப்பு எண்ணும். இரும்பையை ஒட்டிய ஒரு கிராமத்தில் எழுத்தறிவு விகிதம் திடீரென்று உயர்ந்திருந்தால், அங்கே பள்ளி நன்றாக நடக்கிறது என்று முடிவு கட்டுமுன் அந்த வரிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். (எழுத்தறிவு விகிதத்துக்கு வகுக்க வேண்டியது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் தொகையால். மொத்த மக்கள்தொகையால் வகுத்த கட்டுரைகள் இன்றும் வருகின்றன என்பதால் சொல்கிறேன்.)

மாநில எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. வானூர் வட்டமும் புதுச்சேரியும் கோத்த விரல்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தவை. இங்குள்ளவர்களின் மருத்துவமனை ஜிப்மர், சந்தை புதுச்சேரி, வேலையும் பலருக்கு அங்கேதான். ஆனால் புதுச்சேரியின் எண்கள் 34 என்ற வேறு மாநிலக் குறியீட்டின் கீழ், வேறு தொகுதியில் இருக்கின்றன. மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் கிராம விவரப் பகுதி, ஒரு வசதி ஊரில் இல்லையென்றால் ஐந்து கிலோமீட்டருக்குள், ஐந்திலிருந்து பத்துக்குள், பத்துக்கு மேல் என்று மூன்று எழுத்துக் குறிகளால் தூரத்தைச் சொல்லும். எந்தத் திசையில், எந்த அரசின் கீழ் என்று சொல்லாது. தமிழ்நாட்டுத் தொகுதியை மட்டும் வைத்து இரும்பைப் பகுதியின் மருத்துவ வசதி பற்றி எழுதினால், அங்குள்ளவர்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்பது விட்டுப்போகும்.

அந்தக் கிராம விவரப் பகுதியின் பிறப்பும் வேறு என்பதை மறக்கக் கூடாது. மக்கள்தொகைச் சுருக்கம் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. பள்ளி, குழாய், பேருந்து, நிலப் பயன்பாடு ஆகியவை பெரும்பாலும் அலுவலகங்கள் நிரப்பித் தந்தவை. இரண்டும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டிருப்பதால் ஒரே நம்பகத்தோடு வாசிக்கிறோம். விவசாயப் புள்ளிவிவரத்தின் வேர் கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் இருக்கிறது. அங்கே ஆண்டு என்பது பசலி. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். 2025 ஜூலை தொடங்கிய பசலி 1435. மார்ச் 1 நள்ளிரவை வைத்து எண்ணிய மக்களையும் பசலி ஆண்டின் சாகுபடிப் பரப்பையும் இணைப்பவர், எந்த ஆண்டோடு எந்த ஆண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முந்தைய கிராமக் கணக்குகளையும் பிந்தையவற்றையும் ஒரே கோட்டில் வரைபவர்கள், கணக்கு எழுதிய ஆளே மாறியதை அடிக்குறிப்பிலாவது சொல்ல வேண்டும்.

எண்ணுக்கு எல்லை மட்டுமல்ல, மாதமும் உண்டு. 2011இல் ஆள் எண்ணிக்கை பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது ஊரில் இருக்கும் காலம் அல்ல. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போயிருக்கும் காலம். காலம் முழுக்க வெளியே இருந்தவர்களை இருந்த இடத்தில்தான் எண்ணுவார்கள். அதன்படி ஊரின் தலித், இருளர் தெருக்கள் சில காகிதத்தில் சுருங்கித் தெரியலாம். சூளை இருக்கும் ஊர் வீங்கித் தெரியலாம். அதே வாரங்களில் ஆரோவில் பக்கம் விருந்தினர் கூட்டம் உச்சத்தில் இருக்கும். எண்களை ஐயப்படச் சொல்லவில்லை. பிப்ரவரியில் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று ஊரில் ஒருவரைக் கேட்ட பிறகு எண்ணை வாசியுங்கள் என்கிறோம்.

இதையெல்லாம் சரியாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வில் தென்னார்க்காட்டுக்கு வாய்த்த கிராமம் இருவேல்பட்டு. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்தார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல், 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். ஏறத்தாழ நூறாண்டுகளில் ஒரே ஊர் ஐந்து முறை. இதற்கிடையில் அந்த ஊர் தென்னார்க்காடாக இருந்து, 1993இல் விழுப்புரமாகி, வட்டமும் மாறிவிட்டது. எந்த மாவட்ட அட்டவணையாலும் அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்ற முடிந்திருக்காது. ஆய்வாளர்கள் ஊரையே அலகாகப் பிடித்துக்கொண்டதால்தான் நிலமும் கூலியும் சாதியும் நகர்ந்த விதத்தை ஒரே நூலில் கோக்க முடிந்தது. கணக்கெடுப்பு எண் அவர்களுக்குச் சட்டகம். உள்ளே இட்டு நிரப்பியது வீடு வீடாகப் பெற்ற தகவல்.

வேறொரு முயற்சி இரும்பைக்கு மிக அருகிலேயே நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கிறிஸ்தோஃப் கில்மோட்டோ தலைமையில் 1990களின் இறுதியில் தொடங்கிய திட்டம், தென்னிந்தியக் கிராமங்களைப் பல்லாயிரக்கணக்கில் வரைபடத்தில் இருத்தி அவற்றோடு கணக்கெடுப்பு எண்களை இணைத்தது. பிறப்பு விகிதம் மாவட்ட எல்லையில் வந்து நிற்பதில்லை, ஊர் ஊராகப் பரவுகிறது என்று அப்படித்தான் காட்ட முடிந்தது. அதே நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் 2010இல் கடலூர்–விழுப்புரம் எல்லையில், பண்ருட்டியைச் சுற்றிய பத்து கிராமங்களில் 405 குடும்பங்களைக் கடன், வேலை பற்றிக் கேட்டு, 2016-17இலும் 2020-21இலும் திரும்பவும் தேடிப் போனார்கள். இளம் ஆய்வாளர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இவை. தில்லியில் வெளியாகும் அறிக்கைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணின் விலை என்னவென்று இந்த மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். இட ஒதுக்கீடு கோரி வன்னியர்கள் நடத்திய 1987 செப்டம்பர் சாலை மறியலில் உயிரிழந்தவர்களுக்கு விழுப்புரத்தில் இன்று மணிமண்டபம் நிற்கிறது. அந்தப் போராட்டத்தின் நீட்சியாக 2021இல் வந்த 10.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று செல்லாது என்றது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, அரசு நம்பியிருந்தது அம்பாசங்கர் ஆணையத்தின் 1980களின் தொடக்க எண்களை என்பது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931. கோரிக்கையின் நியாயம் பற்றி வாசகர்களிடையே கருத்து வேறுபடலாம். காலாவதியான எண் நீதிமன்றத்தில் நிற்காது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியபோதும், நிவாரணம் குடும்ப அட்டைக் கணக்கில்தான் போனது. பதின்மூன்று வருடம் பழைய கணக்கெடுப்பை வைத்து வேறென்ன செய்திருக்க முடியும்?

அடுத்த கணக்கெடுப்பின் நிர்ணய நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31உடன் உறைந்தன. 2011க்கு இந்த உறைநிலை 2009 டிசம்பர் 31. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே மரக்காணம், விக்கிரவாண்டி போன்ற புதிய வட்டங்கள் வந்தன, மாவட்டம் பிரிந்தது, இரும்பைக்குக் கிழக்கே கோட்டக்குப்பம் பேரூராட்சியாக இருந்து நகராட்சியானது. சாலையோரக் கிராமங்கள் சில கணக்கெடுப்பு நகரமாகக்கூடும்: ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் முக்கால்வாசி விவசாயத்துக்கு வெளியே என்ற மூன்று நிபந்தனையும் நிறைவேறினால் போதும். அப்போது ‘ஊரக மக்கள்தொகை குறைந்தது’ என்ற தலைப்பில் கட்டுரைகள் வரும். யாரும் ஊரை விட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஊரின் வகை மாறியிருக்கும்.

புதிய எண்கள் வெளியான பிறகு ஒப்புமைப் பட்டியல் தேடி ஓடுவதைவிட, இப்போதே வட்டம் வட்டமாகத் தயாரித்து வைப்பது நல்லது. ஒவ்வொரு கிராமத்துக்கும் 2001, 2011, உள்ளாட்சிக் கோப்பகம் ஆகிய மூன்று எண்களும், அடங்கிய குக்கிராமங்களும், பரப்பும் ஒரே வரியில். பரப்பு முக்கியம், பெயரும் எண்ணும் மாறாமல் பரப்பு மட்டும் மாறியிருந்தால் எல்லை நகர்ந்திருக்கிறது என்று பொருள். வாசகர்கள் அனுப்பும் பட்டியல்களை வட்டத்தின் பெயரோடு இதழில் வெளியிடுகிறோம். வானூரை முதலில் அனுப்புபவர் எல்லையோரப் புதுச்சேரிக் கிராமங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இதழ் முதல், எண் உள்ள எந்தக் கட்டுரையும் ஒவ்வோர் அட்டவணையின் கீழும் மூன்று விவரங்களைத் தந்தாக வேண்டும்: எந்த நாளின் எல்லை, எந்தக் குறியீடு, எண்ணியவர் யார். இல்லாத கட்டுரைகள் மதிப்பாய்வுக்குப் போகுமுன்பே திரும்பும். பக்கம் கூடுமே என்று கவலைப்பட வேண்டாம், முன்னுரையில் வள்ளுவரை மேற்கோள் காட்டும் பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.