சனிக்கிழமை ஊர்வலமும் ஒரு சரக்கு ரயிலும்

2003 பிப்ரவரி 15, சனிக்கிழமை. இராக் மீது போர் வேண்டாம் என்று லண்டனில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் நடந்தார்கள். ரோம், மாட்ரிட், பார்சிலோனாவிலும் அதே நாள், அதே முழக்கம். ஐந்து வாரம்கூட ஆகவில்லை, பாக்தாத்தில் குண்டு விழுந்தது.

ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் தோழர்கள் சட்டென்று ‘எண்ணெய், ஏகாதிபத்தியம்’ என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் போரை யார் விரும்பினார்கள் என்பதற்குத்தான் அது பதில். வேண்டாம் என்றவர்களின் குரல் ஏன் செல்லுபடியாகவில்லை என்பது வேறு கேள்வி.

எது வந்தாலும் உங்களோடு இருப்பேன் என்று பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் 2002 ஜூலையிலேயே புஷ்ஷுக்கு எழுதிவிட்டார். சில்காட் விசாரணைக் குழு அதை 2016இல்தான் வெளியிட்டது. ஊர்வலம் வந்தது அந்தக் கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்து. படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் அங்கே சட்டப்படி தேவையே இல்லை. முடியாட்சியின் பெயரால் பிரதமரே முடிவெடுக்கலாம். நமக்கு ஜனநாயகப் பாடம் நடத்திய நாடு! மார்ச் 18இல் வாக்கெடுப்பு நடந்தபோது படைகள் குவைத்தில் தயாராக நின்றன. பிளேரின் கட்சியிலேயே 139 பேர், போருக்கான நியாயம் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்தை ஆதரித்தார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் பிளேருக்குத் தோள் கொடுத்தது. 412க்கு 149.

துருக்கியில் கணக்கு மாறியது. வடக்கிலிருந்தும் இராக்கில் நுழைய, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினருக்கு அந்த மண் தேவைப்பட்டது. மார்ச் 1 அன்று அங்காராவில் மக்கள் திரண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். மூன்று வாக்கில் தீர்மானம் தோற்றது. குர்துகளை ஒடுக்கிய அரசுதான் அது, வான்வழியைப் பின்னர் திறந்தும் விட்டது. ஆனாலும் அந்த எல்லை வழியாகத் தரைப்படை நுழையும் திட்டம் நடக்கவில்லை. போருக்குத் தேவையான ஒன்று அங்கே மக்களுக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

லண்டனில் நடந்தவர்களின் கையில் என்ன இருந்தது? கட்டாய ராணுவச் சேவை பிரிட்டனில் அறுபதுகளிலும் அமெரிக்காவில் 1973இலும் முடிந்துவிட்டது. போரை எதிர்க்கும் வீட்டுப் பிள்ளை ராணுவத்துக்குத் தேவையில்லை. வேலை தேடிச் சேர்ந்தவர்களே போதும். திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர்கள் ஸ்காட்லாந்தின் மதர்வெல் ரயில் ஓட்டுநர்கள். ஊர்வலத்துக்கு ஒரு மாதம் முன்பு, ராணுவத்துக்கு வெடிபொருள் கொண்டுபோகும் சரக்கு ரயிலை ஓட்டமாட்டோம் என்றார்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம் அவர்களை. அந்த ரயில் அன்று புறப்படவில்லை.