சர்க்கரைக்குப் படகோட்டும் போரான்

கேரம் பலகையில் காய் வழுக்கிக்கொண்டு ஓடத் தூவும் வெள்ளைப் பொடி போரிக் அமிலம். அதன் நெருங்கிய உறவான போரோனிக் அமிலத்துக்கு ஒரு வினோத குணம். சர்க்கரை மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் கொக்கிகளை இடுக்கி போலப் பிடித்துக்கொள்ளும். அமிலத் தன்மை கூடினால் பிடியை விட்டுவிடும்.

ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சவ்வு என்றதும் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். நல்கொண்டா பக்கத்து ஃபுளோரைடு நீரைச் சுத்தப்படுத்த அங்குள்ளவர்கள் பயன்படுத்தியது மெல்லிய பாலிமர் தாள். வேண்டாததைத் தடுப்பது அதன் வேலை. திரவச் சவ்வு வேறு ஜாதி. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே எண்ணெய் போன்ற ஒரு திரவப் படலம். வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து அக்கரை சேர்ப்பது அதன் வேலை.

சிக்கல் என்னவென்றால், சர்க்கரை எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் தெரிந்துவிடும். அதற்குத்தான் படகு. ஜப்பானில் ஷின்போ குழுவினர் 1986இல் எண்ணெய்ப் படலத்தில் ஃபினைல் போரோனிக் அமிலத்தையும் ஓர் அம்மோனிய உப்பையும் கலந்தார்கள். காரத் தன்மையுள்ள கரையில் போரான் சர்க்கரையை ஏற்றிக்கொண்டது, அமிலக் கரையில் இறக்கியது. அக்கரையில் ஏற்கனவே சர்க்கரை அதிகமாக இருந்தாலும் ஏற்றுமதி நிற்கவில்லை. மேட்டை நோக்கி ஓடும் தண்ணீர் மாதிரி!

ஆனால் போரானுக்கும் பாரபட்சம் உண்டு. குளூக்கோஸைவிட ஃபிரக்டோஸை அது சுமார் 40 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று 1959இலேயே அளந்துவிட்டார்கள். சர்க்கரைப் பாகு தயாரிப்பவர்களுக்கு இது இனிப்பான செய்தி. குளூக்கோஸை நொதியால் மாற்றும்போது கலவையில் ஏறக்குறைய 42 சதவீதம்தான் ஃபிரக்டோஸ். அதைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் பிராட்லி ஸ்மித் குழு இந்த வழியில் உழைத்தது. ஆய்வுக்கூடத்தில் பலித்தது. ஆனால், படலத்திலிருந்து எண்ணெயும் படகுமே மெல்லக் கசிந்து தண்ணீரோடு போய்விடுவது இத்தகைய சவ்வுகளின் பழைய வியாதி. மாதக்கணக்கில் ஓட வேண்டிய தொழிற்சாலைக்கு அது கட்டுப்படியாகாது.

நீரிழிவு நோயாளிக்கோ தேவை குளூக்கோஸ் கணக்கு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. ஃபிரக்டோஸ் மோகம் கொண்ட போரான் இவர்களுக்கு எதற்கு? 1994இல் ஜப்பானில் செய்ஜி ஷின்காயும் டோனி ஜேம்ஸும் வழி கண்டார்கள். இரண்டு போரோனிக் அமிலங்களைச் சரியான இடைவெளியில் பொருத்தினால், குளூக்கோஸ் மட்டும் இரண்டிலும் கச்சிதமாக உட்காருகிறது. அப்போது மூலக்கூறு ஒளிர்கிறது.

2018இல் அமெரிக்க அரசு அனுமதித்த எவர்சென்ஸ் கருவி இந்த ரசாயனத்தில்தான் இயங்குகிறது. மேல் கையில் தோலுக்கு அடியில் பதிக்கும் சிறு உருளை. இங்கே போரான் எங்கும் பயணம் போவதில்லை. ஜெல்லில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், கசியும் பேச்சே இல்லை. முதலில் 90 நாள் உழைத்த கருவிக்கு 2024இல் 365 நாள் அனுமதி கிடைத்தது. கருவியின் கணக்கைச் சரிபார்க்க மட்டும் இப்போதும் அவ்வப்போது விரலில் குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.