மலைக்குள்ளே லேசர், மலை மேலே தையல் இயந்திரம்

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு விஞ்ஞான ஆராய்ச்சி? கைத்தொழில் ஒன்றைக் கற்றுக் கொடுத்தால் போதாதா?"

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாள் முதல் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். தொழிற்சங்க மேடைகளிலும், கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் கருத்தரங்குகளிலும், நல்ல மனத்தோடு வெளிநாட்டிலிருந்து வரும் உதவியாளர்களின் பேச்சிலும் இது ஒலிக்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் எம்மீது அக்கறை கொண்டவர்களே. அதனாலேயே இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பகைவனின் சொல்லுக்குப் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். நண்பனின் சொல்லை யாரும் மறுப்பதில்லை.

லேசர் பௌதிகவியல், புதுப்பிக்கத்தக்க சக்தி, பொருள் விஞ்ஞானம் என்னும் பெயர்களைப் படித்ததும் உங்களுக்கு இலண்டனோ, டொரன்டோவோ, சென்னை ஐ.ஐ.டி.யோ நினைவுக்கு வரலாம். பதுளை நினைவுக்கு வராது. ஆனால் இந்த மூன்று துறைகளும் ஊவாவின் தோட்டங்களில் வாழ்வா சாவா என்னும் விடயங்களாகவே இருக்கின்றன. நான் கலைப்பட்டதாரி, பௌதிகவியல் படித்தவன் அல்லன். நான் உயர்தரம் படித்த பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. ஆகவே விஞ்ஞானியாக அன்றி, செய்தி சேகரிப்பவனாக நின்றே இதை எழுதுகிறேன்.

உமா ஓயாவை எடுத்துக்கொள்வோம். 2008இல் ஈரானிய ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் அடிக்கல் நாட்டி, 2024 ஏப்ரல் 24ஆம் திகதி மற்றோர் ஈரானிய ஜனாதிபதியான ரைசி திறந்துவைத்த 120 மெகாவாட் நீர்மின் திட்டம் இது. உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தெற்கே இறக்கி, நிலத்தடி மின்நிலையத்தில் மின்சாரமாக்குகிறார்கள். இத்தகைய சுரங்கத்தைக் குடையும் இராட்சத இயந்திரம் வழிதவறாமல் பார்த்துக்கொள்வது லேசர்க் கற்றை. சுரங்கச் சுவரைத் தாங்குவதும், நீர்க்கசிவை அடைக்கும் கலவையைத் தருவதும் பொருள் விஞ்ஞானம். கிடைப்பதோ புதுப்பிக்கத்தக்க சக்தி. முன்பு நாம் கண்ட மூன்று துறைகளும் பண்டாரவளை மலைக்குக் கீழே ஒன்றாகச் சந்தித்திருக்கின்றன.

மலைக்கு மேலே நடந்தது என்ன? 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மலைக்குள் எவ்வளவு நீர் ஓடுகிறது, எந்தப் பாறைப் பிளவு எந்தக் கிணற்றோடு தொடர்புடையது என்பதெல்லாம் அளந்தறியக்கூடியவை. ஆனால் அளக்கும் கருவியும், அளவைப் படிக்கும் அறிவும் ஒப்பந்தக்காரரின் பக்கத்தில் இருந்தன. வற்றிய கிணற்றின் பக்கத்தில் கண்ணீரும் கோஷமும் மட்டுமே இருந்தன. கோஷத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். எங்கள் உரிமைகள் யாவும் கோஷத்தால் வந்தவையே. ஆயினும் நிபுணர் குழுவின் மேசையில் கோஷத்துக்கு நாற்காலி கிடையாது, புள்ளிவிபரத்துக்கே உண்டு.

அடுத்தது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன்களை மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை 2005இலேயே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் பதினோர் ஆண்டுகள்.

இன்று விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர்த் துடிப்புகளை நிலத்தின்மீது பாய்ச்சி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு நிலத்தின் வடிவத்தை வரைகிறார்கள். 'லைடார்' என்பது இதன் பெயர். ஒரு விநாடிக்கு இலட்சக்கணக்கான துடிப்புகள் செல்வதால் அவற்றுள் சில இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. காட்டுக்கும் தேயிலைச் செடிக்கும் கீழே மறைந்திருக்கும் பழைய மண்சரிவின் தழும்பு அப்படத்தில் தெரியும். ஒரே சரிவை மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தால் அது நகர்கிறதா என்பதும் தெரிய வரும்.

"எச்சரிக்கை இருந்துதானே மீரியபெத்தை நடந்தது? லேசர் மட்டும் என்ன செய்துவிடும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எச்சரித்தார்கள், ஆனால் குடிபெயரச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லாத மக்களிடம் எச்சரித்தார்கள். நிலவுரிமைக்கு மாற்றாக விஞ்ஞானத்தை நான் முன்வைக்கவில்லை. ஒரு தடவை கடிதமாக வரும் எச்சரிக்கையைக் கோப்பில் கட்டி வைத்துவிடலாம். அதே தோட்டத்தில் பிறந்த பட்டதாரி ஒருவர் மாதந்தோறும் அளந்து, "இம்மாதம் இவ்வளவு நகர்ந்திருக்கிறது" என்று தமிழில் எழுதி, தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலாளரிடமும் பத்திரிகைக்காரனிடமும் கொடுத்தால் அதைக் கட்டி வைப்பது கடினம். நிலவுரிமைக் கோரிக்கைக்கே அது புதிய சாட்சியாகும்.

சக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய மின்வலையமைப்பு வருமுன்னரே சிற்றாறுகளின் நீரைக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டிய மலைகள் எங்களுடையவை. தொழிற்சாலையில் வெளிச்சம் இருந்த காலத்தில் லயத்தில் குப்பி விளக்கு எரிந்தது. இன்றும் கொழுந்தை வாட்டவும் காயவைக்கவும் வேண்டிய வெப்பத்துக்குப் பெரும்பாலும் விறகே எரிகிறது. ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணம் சேர்கிறது. ஆறு வற்றி வெயில் நிறையும் அந்த மாதங்களில், சூரிய வெப்பத்தால் கொழுந்தை உலர்த்தி விறகைக் குறைக்க முடியுமா? மணம் கெடாமல் அதைச் செய்ய எந்த வெப்பநிலை வேண்டும்? 2030இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாக அரசு இலக்கு வைத்திருக்கும் நாட்டில், இவை ஒரு கலாநிதிப் பட்டத்துக்கு மட்டுமன்றிப் பலவற்றுக்கும் போதிய கேள்விகள்.

பொருள் விஞ்ஞானமும் அப்படியே. பகலில் கொதித்து இரவில் உறையும் தகரக் கூரையின் கீழ் ஐந்து தலைமுறை வாழ்ந்துவிட்டோம். ஈரமண்ணில் நிற்கும் சுவர், மலைக்காற்றைத் தாங்கும் மலிவான கூரை ஆகியவை பற்றிய ஆய்வு சிறிய ஆய்வல்ல.

இந்த ஆய்வுகளைச் செய்ய ஊவாவில் இடமில்லை என்று சொல்லவும் முடியாது. பதுளை நகரிலிருந்து பசறை செல்லும் வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் நிறுவப்பட்டது. 'பெறுமதி சேர்த்தல்' என்பதே அதன் தாரக மந்திரம். விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், கனிய வளங்கள், தேயிலைத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் அங்கே பட்டப்படிப்புகள் உண்டு. இலங்கைக்கே சிறப்பான நாளக் காரீயத்தை, அதாவது பென்சில் கரியை, மின்கலங்களுக்கு ஏற்றதாகச் சுத்திகரிக்கும் ஆய்வுகளும் அங்கு நடந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அதன் வாசலைத் தாண்டிச் செல்லும் பேருந்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாயின் பிள்ளை அந்த ஆய்வுகூடத்துக்குள் எந்த வழியாகப் போவது?

வழி உண்டு என்பார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. மாவட்டத்தைப் பின்தள்ளியதில் தோட்டப் பாடசாலைகளின் நிலைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சலுகையைப் பெறுவதற்கு முதலில் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்திருக்க வேண்டும். அவற்றைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் நகரத்துக் கல்லூரிகள் சிலவற்றிலேதான் உண்டு. தோட்டத்தின் வறுமையைக் காட்டி மாவட்டம் சலுகை பெறுகிறது. சலுகை தோட்டத்துக்கு வந்து சேருவதில்லை. பின்தங்கிய அலகு எது என்பதை மாவட்டம் என்று கணக்கிடும்வரை இந்த வஞ்சனை தொடரும். பாடசாலையை அலகாகக் கொள்ள வேண்டும்.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஆரம்பக் கல்வி வளர்ந்ததை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் உயர்தர விஞ்ஞானம் என்ற வாசற்படியில் வந்து எல்லாம் நின்றுவிட்டது. அங்கிருந்து பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் என்னைப்போலக் கலைப்பிரிவுக்கு. மறு சாரார் கொழும்பின் கடைகளுக்கு.

இந்த இடத்தில்தான் நமது தலைவர்கள் தையல் இயந்திரத்தோடு வருகிறார்கள். மாலை, மேளம், புகைப்படம், பத்திரிகைச் செய்தி! தையலும் மேசன் வேலையும் மதிப்பான தொழில்களே. ஆனால் கொழும்பு ஏழிலுள்ள பாடசாலை ஒன்றில் போய், "உங்கள் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் வேண்டாம், தையல் போதும்" என்று எந்த அமைச்சராவது சொல்வாரா? ஒரு சமூகத்துக்கு மட்டும் பரிந்துரைக்கப்படும் கைத்தொழில், தொழிற்பயிற்சி ஆகாது. அது கங்காணி முறையின் புதிய பதிப்பு.

"படித்தவன் வெளிநாடு போய்விடுவான்" என்பது கடைசி வாதம். சிலர் போவார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையைப் பாருங்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூரியக் கலங்களை ஆராய்ந்த புண்ணியமூர்த்தி ரவிராஜன் திரும்பி வந்து அங்கே ஆய்வை வளர்த்தார். கண்டி மலைச்சரிவிலிருந்து இயங்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1990களில் செய்த சாயச் சூரியக் கல ஆய்வுகளை உலகம் மேற்கோள் காட்டுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தையே ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் இவை நடந்தன. திரும்பி வருவதற்கு ஓர் ஆய்வுகூடம் இருந்தது, அதனால் வந்தார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பிரதேசத்துக்கும் அண்மையில் ஒரு பாடசாலையிலாவது தமிழ்மொழியில் உயர்தரப் பௌதிகவியலும் இணைந்த கணிதமும், விடுதியும் ஆய்வுகூடமும் வேண்டும். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் தோட்டச் சரிவுகளையும் லயன் வீடுகளையும் தமது ஆய்வுப் பொருளாகக் கொண்டு, முடிவுகளைத் தமிழிலும் அந்த மக்களிடம் சமர்ப்பிக்க வேண்டும். பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் தோட்டப் பாடசாலை மாணவருக்கெனத் தனிப்பங்கு சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் ஏராளம். அடுத்த முறை மலையகத்துக்கு உதவ நினைக்கும்போது, ஓர் உயர்தர பௌதிகவியல் ஆசிரியரின் மூன்றாண்டுச் சம்பளத்தை விசாரித்துப் பாருங்கள். அதற்கு மாலையும் மேளமும் கிடைக்காது. மூன்றாம் ஆண்டின் முடிவில் பரீட்சைப் பெறுபேறுதான் கிடைக்கும்.