உலக முடிவும் கையிலுள்ள மரக்கன்றும்



எங்கேனும் நிலம் நடுங்கினாலும், கிரகணம் வந்தாலும், போர் மூண்டாலும் நம் கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்துவிடுகிறது. கியாமத்தின் அடையாளங்கள் யாவும் நிறைவேறிவிட்டன, இன்னும் இத்தனை ஆண்டுகளே மீதம் என்று அது கணக்குச் சொல்கிறது. கேட்ட பிள்ளைகள் இரவில் உறங்க அஞ்சுகிறார்கள். பெரியவர்களாகிய நாமோ உண்மையா என்று விசாரிக்காமலேயே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். மார்க்கத்தின் பெயரால் நடக்கும் இத்தவற்றை நாம் நிறுத்தியாக வேண்டும்.

இந்த அச்சம் புதியதன்று. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று இந்தியா முழுவதும் பீதி பரவியது. 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழும் என்று மக்கள் நடுங்கினார்கள். அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் சிதறி விழுந்தது. 2012 டிசம்பர் 21ஆம் நாளை மாயன் நாட்காட்டியின் பெயரால் இறுதிநாள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மறுநாள் பொழுது வழக்கம்போல் புலர்ந்தது.

ஒரு முஸ்லிமுக்கு இவ்விஷயத்தில் குழப்பமே தேவையில்லை. அந்த நேரத்தைப் பற்றிய அறிவு தன் இறைவனிடம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லும்படி நபி (ஸல்) அவர்களுக்கே அல்லாஹ் கட்டளையிட்டதை அல்-அஃராஃப் அத்தியாயத்தில் காண்கிறோம். வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வினவியபோதும், கேட்பவரைவிடக் கேட்கப்படுபவர் இதை அதிகம் அறிந்தவரல்லர் என்றே நபியவர்கள் விடையளித்தார்கள். நபிக்குச் சொல்லப்படாத தேதி, பெயர் தெரியாத ஒருவரின் குரல்பதிவுக்கு எப்படிக் கிடைத்தது?

அப்படியானால் அறிவியல் கூறும் கணக்குகள்? அவற்றை அஞ்சவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். அவை, படைப்பில் அல்லாஹ் வைத்துள்ள ஒழுங்கை மனிதன் தன் அறிவுக்கெட்டிய வரையில் கணிப்பவை. சூரியன் தன்னுள் இருக்கும் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றியே ஒளிர்கிறது. அதனால் அதன் ஒளி, நூறு கோடி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டுகளில் பூமியின் கடல்கள் ஆவியாகத் தொடங்கும் என்று கணித்துள்ளனர். ஏறத்தாழ ஐந்நூறு கோடி ஆண்டுகளில் சூரியனே ஊதிப் பெருத்துச் செந்நிறப் பெருவிண்மீனாகிவிடும்.

இதற்கிடையே திடீர் அழிவுகளும் நேரலாம். அதற்கான சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அரியலூரில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இன்று நிலமாக இருக்கும் அப்பகுதி ஒரு காலத்தில் கடல். சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்னும் உயிரினமும் அங்கே வாழ்ந்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ பகுதியில் மோதியது. அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேரழிவில் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் உலகம் முழுவதும் மறைந்தன.

இக்கணக்குகளைக் கேட்டு, நூறு கோடி ஆண்டுகள் இருக்கின்றனவே என்று சோம்பி இருப்பவரும் உண்டு. குரல்பதிவைக் கேட்டு, எல்லாம் முடியப்போகிறதே என்று கைகட்டி இருப்பவரும் உண்டு. இருவரும் தம் கடமையை விடுவதில் ஒன்றுபடுகிறார்கள். இறுதி நாள் எப்போது என்று கேட்டவரிடம், அதற்காக நீர் எதைத் தயாரித்து வைத்திருக்கிறீர் என்றே நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு நபிமொழி இதைவிட வியப்பானது. ஒருவர் கையில் மரக்கன்று இருக்கும்போது மறுமை வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்பது அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி.

இந்த நபிமொழி வீரசோழனில் வாழும் நம்மிடம் நேரடியாகவே பேசுகிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் பெருகினால் வெள்ளாமை, இல்லையேல் தரிசு. வரத்துக்கால்கள் தூர்ந்து, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டினால், பெய்கிற மழையும் நமக்குத் தங்காது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரத்தை நீர்நிலைகளிலிருந்து அகற்றும்படி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. வேரோடு அகற்றிய இடத்தில் வேம்பும் புளியும் வைப்பதோடு, அவர்களுக்கு மாற்றுப் பிழைப்புக்கும் வழி காண வேண்டும்.

உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்ற கேள்வியோடு அல்-முல்க் அத்தியாயம் முடிகிறது. இரவுதோறும் அதை ஓதும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஓதிய நாமே பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டபடி பேசிக்கொண்டே உளூச் செய்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு.

ஆகவே நம் ஜமாஅத்தினருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இறுதிநாளுக்குத் தேதி குறிக்கும் எதையும் பகிராதிருப்போம். பிள்ளைகள் கேட்டால் குர்ஆன் சொல்லும் விடையையே சொல்வோம். இரண்டாவது, பள்ளிவாசலின் உளூ நீர் சாக்கடைக்குப் போகாமல் மரங்களுக்குப் பாய வழி செய்வோம். மூன்றாவது, மழைக்கு முன்பே வரத்துக்காலைச் சீர்செய்ய ஊரிலுள்ள எல்லாச் சமுதாயத்தாரோடும் கைகோர்ப்போம். குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்ததும் இதுவே. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் பொருளால் உதவலாம். ஊரிலிருப்போர் உடலால் உழைக்கலாம்.

நட்ட மரத்தில் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. உலகின் முடிவு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. மரக்கன்று நம் கையில் இருக்கிறது. நம் பொறுப்பில் விடப்பட்டதைப் பற்றியே நாளை நம்மிடம் கேட்கப்படும். அந்நாளில் வெட்கமின்றி விடை சொல்வோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.